அக்கா வட்டமிட்ட எண்கள்

என் அக்காவோடு பஸ்ஸில் போவது எனக்குப் பிடிக்காது. டிரைவர் ஓட்டுவார், பிரேக் இவள் போடுவாள். முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால் போதும், அக்காவின் வலது கால் தன்னால் தரையை அழுத்தும். அந்த இடத்தில் வேறு யாருடைய காலாவது இருந்தால் அவர் பாடு அவ்வளவுதான். சினிமாவுக்குப் போனாலும் இதே கதை. திரையில் கார்கள் ஒன்றை ஒன்று துரத்தும், முன் சீட்டுக்காரர் முதுகில் உதை விழும், மன்னிப்புக் கேட்பது நானாக இருக்கும்.

பத்தொன்பது வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த கால் அது. கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் பதறிப்போய் எதை மிதிப்பது என்று விழிக்கிற அந்த அரை நொடியில் அக்கா அதை மிதித்தாக வேண்டும். மிதித்து மிதித்து அவளுடைய வலது ஷூ ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும், இடது ஷூ கடையில் வாங்கிய மேனிக்கு இருக்கும். ஒற்றைக் கால் ஷூ விற்பீர்களா என்று ஒரு தடவை கடைக்காரரிடம் கேட்டே விட்டாள். அவர் கால் இல்லாத யாருக்கோ என்று நினைத்துப் பாவம் பார்த்து விலை குறைத்தாராம்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். "நாள் முழுக்க அடுத்தவங்க ஓட்டுறதுக்குப் பக்கத்துல உக்காந்து பதறிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் அதே வேலையா?" அவளுக்கு இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒன்றில் கட்டில், மற்றதில் ஒரு மேஜையும் மூன்று நாற்காலிகளும். நானும் என் மனைவியும் இரண்டு தெரு தள்ளி இருந்தோம்.

பதினாறு வருஷம் அவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்கு இருந்தாள். வரி பிடிப்பதையெல்லாம் முதலாளியே பார்த்துக்கொண்டார். அவருக்கு முட்டி தேய்ந்து ஸ்கூலை மூடியபோது, மூன்று காரில் இரண்டை விற்றுவிட்டு ஒன்றை அக்காவுக்கு மாத வாடகைக்குக் கொடுத்தார். அக்கா சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் காசைக் கையில் வாங்கிவிடுவாள், பாக்கி வைக்கிற பேச்சே கிடையாது. எல்லாம் நன்றாகத்தான் போனது, வருஷக் கடைசியில் வருமான வரிக் கணக்கு என்று ஒன்று வந்து நிற்கிறவரை. சொந்தத் தொழில்காரர் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, மிச்சம் என்ன என்று தானே கணக்குப் போட்டுப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும்.

"இதெல்லாம் எனக்கு ஆகாதுடா" என்றாள்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கீப்பர். பஞ்சு, ஊசி, கையுறை, மருந்துப் பெட்டி எல்லாம் என் சாவியைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகும். ஒரு பெட்டி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். கணக்கு என்றால் நான்தான் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. என் மனைவி இதற்குத் தலைக்கனம் என்று பெயர் வைத்திருந்தாள்.

அக்கா ஒரு துணிப்பையில் நோட்டுப் புத்தகங்களையும் பெட்ரோல் ரசீதுகளையும் போட்டுக் கொடுத்தாள். நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். பக்கம் முழுக்க அவளுடைய கோழிக் கிறுக்கல். அடியில் ஒரு எண், அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். கிறுக்கலைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. வட்டத்துக்குள் இருந்த எண்தான் அந்த ஆள் எடுத்துக்கொண்ட பாடங்கள் என்று பார்த்தவுடன் புரிந்துவிட்டது. எல்லா வட்டங்களையும் கூட்டினேன், ஒரு பாடத்துக்கான கட்டணத்தால் பெருக்கினேன், கார் வாடகையையும் பெட்ரோலையும் கழித்தேன், படிவத்தில் ஏற்றினேன். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நான் காட்டிய இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருஷமும் அப்படியே.

வரி கொஞ்சம் கனமாகத்தான் வந்தது. "நல்லா சம்பாதிக்கிறே, அதான்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணத்தைப் புரட்டினாள். அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு இடது கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. அதன்மேல் உறை போட வேண்டும் என்று பல் டாக்டர் ஒரு தொகை சொன்னார். "அப்புறம் வர்றேன்" என்று எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து வலது பக்கமாகவே மென்றாள்.

மூன்றாவது வருஷம் முதலாளி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வெளியூரில் இருக்கிற மகளோடு போய் இருக்கப் போகிறாராம், காரை விற்றுவிடப் போகிறாராம்.

"டாக்சிக்கு ஒருத்தர் கேக்குறாரும்மா. ஆனா முதல்ல உன்கிட்ட கேக்கணும்னு தோணுச்சு. ரெண்டு மாசம் டைம் தர்றேன். விலைய மட்டும் குறைக்கச் சொல்லாதே, எனக்கும் முட்டி ஆபரேஷன் இருக்கு."

இரண்டு பிரேக் வைத்த கார் போய்க் கேட்டதும் கடையில் கிடைக்காது. டாக்சிக்குப் போனால் பக்கத்து பிரேக்கைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். கார் போனால் அக்காவின் தொழிலும் போச்சு. நாற்பத்தெட்டு வயதில் ஏதாவது ஒரு ஸ்கூலில் போய் வேலை கேட்டு நிற்க வேண்டும்.

பேங்குக்குப் போனாள். லோன் கொடுக்கிற அதிகாரி அவளுடைய இரண்டு வருஷ வரிக் கணக்கையும் புரட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "வருமானம் நல்லா இருக்கே மேடம். இந்த வருஷக் கணக்கையும் போட்டுட்டு வாங்க, மூணு வருஷம் ஆயிடும். காரோட முழு விலைக்கும் லோன் கிடைக்கும்" என்று சொல்லி வருமானம் என்று போட்டிருந்த தொகையைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். அக்கா சந்தோஷமாக வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப் வரைதான் அந்தச் சந்தோஷம் இருந்தது. அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

"ஏண்டா, அவ்வளவு சம்பாதிச்ச பொம்பளைக்கு ஒரு பல்லக் கட்ட ஏன்டா காசில்ல?"

"செலவு பண்ணியிருப்பே."

"எதுல? ஒத்தைக் கால் ஷூவுலயா?"

போனை வைப்பதற்கு முன்னால், இந்த வருஷக் கணக்கைத் தானே போடப்போவதாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. வேண்டாத வேலை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். மனைவியும் பிளாஸ்கில் டீயோடு கூட வந்தாள். வேடிக்கை பார்க்க வருவதாக அவளே சொன்னாள்.

அக்கா எனக்கு மேஜையின் பக்கவாட்டு நாற்காலியைக் காட்டினாள். "ஸ்டியரிங் என்கிட்ட. நீ இங்க உக்காரு. பிரேக் மட்டும் உன்கிட்ட இருக்கட்டும். நான் எங்கயாவது போய் முட்டப் போனேன்னா மட்டும் கையக் கொண்டு வா."

அவள் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டியதைப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. பாஸ்வேர்டு போடவே பத்து நிமிஷம் ஆனது. நான் சட்டென்று மவுஸைப் பிடுங்குவேன், அவள் என் கையைத் தட்டிவிடுவாள், பக்கத்தில் திறந்து வைத்திருந்த நோட்டில் ஒரு கோடு போடுவாள்.

"என்ன எழுதுறே?"

"நீ வேலையப் பாரு."

செலவுப் பக்கம் முதலில் வந்தது. வாடகை, பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்தாள். ஒவ்வொரு பெட்ரோல் ரசீதின் பின்னாலும் அன்று கார் எத்தனை கிலோமீட்டர் காட்டியது என்று எழுதியிருந்தாள். முதலாளி பழக்கிவிட்ட பழக்கம், யாராவது பெட்ரோல் திருடினால் தெரிந்துவிடுமாம். ஷூவைக் கழிக்கலாமா என்று கேட்டாள். எல்லோரும் போடுகிற ஷூவைத் தொழில் செலவாகக் காட்ட முடியாது என்றேன்.

"எல்லாரும் ஒத்தைக் கால்லயா தேய்க்கிறாங்க?"

"அக்கா, அடுத்த பக்கம் போ."

அடுத்தது வருமானம். இங்கே நான் இல்லாமல் நடக்காது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வருஷத்து நோட்டை இழுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். "ரொம்ப சுலபம்க்கா. இதோ வட்டம். இந்தப் பொண்ணு முப்பத்தேழு பாடம். அடுத்தவர் ஐம்பத்திரெண்டு. எல்லாத்தையும் கூட்டி உன் ஃபீஸால பெருக்கு, முடிஞ்சுது."

அக்கா நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமும் இப்படியா போட்டே?"

"வேற எப்படிப் போடுவாங்க?"

"டேய். அது பாடம் இல்லடா. பிரேக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். "'முதல் நாள். கிளட்ச்சை விடத் தெரியல. ஒன்பது.' அன்னிக்கு நான் ஒன்பது தடவ பிரேக் போட்டேன். 'இடது பக்கம் திரும்புறப்ப கண்ணாடி பாக்கல. ஆறு.' ஆறு தடவ. 'நாய் குறுக்க வந்துச்சு, அழுதுட்டா. மூணு.' ஒவ்வொரு வரியும் ஒரு பாடம். அன்னிக்கு எத்தன தடவ நான் மிதிச்சேன்னு கடைசியில எழுதுவேன். கீழ கூட்டி வட்டம் போடுவேன். தொடர்ந்து ரெண்டு பாடத்துல ஜீரோ வந்தாத்தான் ஆளத் தனியா விடுவேன், டெஸ்ட்டுக்கு அனுப்புவேன்."

"அப்ப ஐம்பத்திரெண்டு?"

"அவரு இருபத்தஞ்சு பாடத்துல கத்துக்கிட்டாரு. அதுக்குள்ள ஐம்பத்திரெண்டு தடவ என் உசுரு போச்சு."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும். "ஐயோ, நான் போட்ட பிரேக்குக்கெல்லாம் வரி கட்டியிருக்கேன்டா!" என்று மேஜையைத் தட்டினாள். நானும் அசடு வழியச் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தது என் மனைவி ஒருத்திதான். டீயை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அண்ணி ரெண்டு வருஷமா ஒரு பக்கமா மென்னுட்டிருக்கிறது இதனாலதானா?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பஞ்சுப் பெட்டி குறைந்தால் வார்டு வார்டாக ஏறி இறங்குகிறவன் நான். சொந்த அக்காவின் நோட்டில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் என்மீது கோபப்படாமல் இருந்தது தாங்க முடியவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் டீ தொண்டையில் இறங்கியிருக்கும்.

வெட்கம் வந்தால் எனக்குப் புத்தி குறுக்கு வழியில் போகும். அன்றும் போனது.

"சரி, போனது போகட்டும்க்கா. இத இப்படியே விட்டுடு. நாம அதிகமாத்தானே கட்டியிருக்கோம், யாரு வந்து கேக்கப் போறாங்க? இந்த வருஷமும் வட்டத்தையே பெருக்கிப் போடுவோம். முழு லோனும் வந்துடும், காரு உன்கிட்ட நிக்கும்."

அக்கா நோட்டில் ஒரு கோடு போட்டாள். "லோன வட்டத்தப் பாத்துக் குடுத்துடுவாங்க. மாசாமாசம் தவணைய எதப் பாத்துடா கட்டுறது? நான் பிரேக் போட்டா யாராச்சும் காசு தர்றாங்களா?"

"உள்ளதப் போட்டா பாதி லோன்கூட வராதுக்கா. காரு போயிடும்."

"பொய்யப் போட்டு வாங்கினா ஆறு மாசத்துல பேங்க்லேர்ந்து வந்து எடுத்துட்டுப் போவாங்க. அப்பவும் போயிடும். கூடவே மானமும் போகும்." டீயை ஒரு வாய் குடித்தாள், வலது பக்கமாக. "பழைய நோட்டெல்லாம் எடு. எண்ணுவோம்."

மூன்று வருஷத்து நோட்டுகள், நூற்று ஐம்பது பக்கங்களுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வாரம் முழுக்க வேலை விட்டதும் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நான் வரிகளை எண்ணுவேன், என் மனைவி எழுதிக்கொள்வாள், அக்கா ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆளைச் சொல்வாள். அவளுக்கு யாரும் மறக்கவில்லை. கத்தி பிடித்தால் கை நடுங்காத ஒரு சர்ஜன், ரிவர்ஸ் என்றால் வேர்த்துக் கொட்டுமாம். அவருடைய வட்டத்துக்குள் எழுபத்தொன்று. அறுபத்தேழு வயதில் கற்றுக்கொள்ள வந்த ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுக்க மனைவிதான் கார் ஓட்டினாராம், அந்த அம்மா இறந்த பிறகு கார் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றதைப் பார்க்கப் பொறுக்காமல் வந்தாராம். முதல் மூன்று பாடமும் அவர் காரைக் கிளப்பவே இல்லை, உட்கார்ந்து பேசிவிட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போனார். 'கிளப்பல. ஜீரோ' என்று மூன்று வரி. தொடர்ந்து மூன்று ஜீரோ வாங்கியும் டெஸ்ட்டுக்கு அனுப்பப்படாத ஒரே ஆள் அவர்தான் என்று அக்கா சொன்னாள். பேக்கரியில் வேலை பார்த்த ஒரு பெண் முப்பது பாடம் படித்தவள், எட்டே எட்டு பிரேக்.

"இந்தப் பொண்ணுகிட்ட நான் வாங்கின காசுல முக்கால்வாசிய நீ கணக்குலயே காட்டல" என்றாள் அக்கா. "நல்லா ஓட்டினவங்க எல்லாம் உன் கணக்குல ஏழைங்க."

இத்தனை வருஷமாக அவள் நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் கூட்டிப் பார்த்தோம். முதல் வருஷம் நான் காட்டியது ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு பாடம், உண்மையில் நடந்தது ஆயிரத்துப் பன்னிரண்டு. இரண்டாவது வருஷமும் ஏறக்குறைய அதே லட்சணம். இந்த வருஷக் கணக்கை அக்காவே சரியான எண்ணோடு நிரப்பினாள். அனுப்புகிற பட்டனை அமுக்கும்போது மேஜைக்கு அடியில் அவள் கால் என் காலை ஓங்கி மிதித்தது. நான் கத்தவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

பழைய இரண்டு வருஷத்தைத் திருத்த நேரில் வர வேண்டும் என்று வரி அலுவலகத்தில் சொன்னார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டு நோட்டுப் பையைச் சுமந்துகொண்டு கூடப் போனேன். ஏழாம் நம்பர் கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு எங்கள் திருத்தக் கணக்கைப் பார்த்தார்.

"வருமானம் இவ்வளவு குறையுதே, என்ன காரணம்?"

அக்கா என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். "தப்பா எண்ணிட்டோம்மா" என்று மட்டும் சொல்லி நோட்டை நகர்த்தினாள். அந்த அதிகாரி ஒரு பக்கம் படித்தார். அப்புறம் இன்னொரு பக்கம். உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

"இது கணக்கு நோட்டா? காசுன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே."

"பாட நோட்டு. வட்டத்துல இருக்கிறது நான் போட்ட பிரேக்கு, அதத்தான் பாடம்னு எண்ணிட்டோம். ஒரு வரின்னா ஒரு பாடம், ஒரு பாடத்துக்கு ஒரு ஃபீஸு. கடன் யாருக்கும் சொன்னதில்ல."

"உங்க வார்த்தைய மட்டும் வெச்சு நான் எப்படிம்மா மாத்துறது? வரிகளைத்தான் எண்ணணும்னு எனக்கு எதைக் காட்டுவீங்க?"

நாங்கள் இரண்டு பேரும் இதை யோசிக்கவே இல்லை. அக்கா பையிலிருந்து பெட்ரோல் ரசீதுகளை எடுத்து, முதல் வருஷத்தின் முதல் ரசீதையும் கடைசி ரசீதையும் குப்புறத் திருப்பி வைத்தாள்.

"நான் எப்பவும் ஒரே ரூட்டுதான். ஒரு பாடத்துக்குப் பதினாலு கிலோமீட்டர். அந்தக் காரை வேற எதுக்கும் எடுக்க மாட்டேன், கடைக்குக்கூட பஸ்லதான் போவேன். வருஷ ஆரம்பத்துல மீட்டர் என்ன, முடிவுல என்னன்னு பாருங்க."

அதிகாரி கால்குலேட்டரைத் தட்டினார். அந்த வருஷம் கார் ஓடியது பதினாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஆயிரத்துப் பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் அதே பதினாலாயிரத்துச் சொச்சம். நான் காட்டிய பாடங்கள் நடந்திருந்தால் கார் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டி ஓடியிருக்க வேண்டும். அவர் இரண்டாவது தடவையும் தட்டிப் பார்த்தார். பிறகு இரண்டாவது வருஷத்து ரசீதுகளைத் தானே கேட்டு வாங்கினார். எல்லாவற்றையும் நகல் எடுத்து முத்திரை குத்திவிட்டு, அதிகமாகக் கட்டிய வரி ஆறு வாரத்திலிருந்து பத்து வாரத்துக்குள் திரும்பி வரும் என்றார்.

நாங்கள் எழுந்தபோது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எனக்கு முப்பத்தெட்டு வயசாகுது. பயம் ஜாஸ்தி. இனிமே கத்துக்க முடியுமா?"

"அறுபத்தேழுல கத்துக்கிட்டவர் அந்த நோட்டுலயே இருக்காரு" என்றாள் அக்கா. "ஆனா எங்க ஃபைல் முடிஞ்சப்புறம் வாங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம், ரெண்டு பேருக்கும் நல்லதில்ல."

சரியான கணக்கைப் பார்த்ததும் பேங்க் அதிகாரியின் முகம் அவ்வளவாக மலரவில்லை. ஆனாலும் காரின் விலையில் பாதிக்கு மேல் கொடுக்கலாம் என்றார். திரும்பி வரப்போகும் வரி மீதியை ஏறக்குறைய அடைத்துவிடும். வந்தால். முதலாளி கொடுத்த இரண்டு மாதத்தில் அதற்குள் இரண்டு வாரம் போயிருந்தது. அக்கா பாடம் முடிந்து வந்ததும் வராததுமாகப் பேங்க் கணக்கைப் பார்ப்பாள், எனக்குப் போன் செய்து "இன்னும் இல்ல" என்பாள். ஆறாவது வாரம் முதல் வருஷத்துப் பணம் வந்தது. இரண்டாவது வருஷத்துப் பணம் வரவில்லை. முதலாளி கொடுத்த கெடு முடிகிற வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். டாக்சிக்காரர் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதாக முதலாளியே போன் செய்து சொன்னார்.

ஒரு வருஷமாக நான் பெரிய டிவி வாங்கப் பணம் சேர்த்து வந்தேன். சுவரில் எந்த இடத்தில் மாட்டுவது என்று ஆணிகூட அடித்தாகிவிட்டது. புதன்கிழமை அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நான் சொல்வதற்கு முன்பே என் மனைவி அதை உறையில் போட்டு வைத்திருந்தாள்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் அக்கா.

"உன்கிட்ட கேக்கல. நான் பெருக்கின பெருக்கலுக்கு நான் கட்டுறேன்."

"உன் டிவி?"

"ஆணி இருக்கு, அதப் பாத்துட்டிருக்கேன். எடுத்துக்கோக்கா. தயவுசெஞ்சு எடுத்துக்கோ." அவள் எழுந்து வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சின்ன வயதில் வைப்பது போலவே வலித்தது. பிறகு உறையை வாங்கிக்கொண்டு, நோட்டில் தேதி போட்டுத் தொகையை எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினாள். நான் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கார் அவள் பெயருக்கு மாறியது. வீட்டுக்கு வந்தபோது அவள்தான் ஓட்டினாள், நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். என் காலடியில் அந்த இரண்டாவது பிரேக். மிதிபடும் இடத்தில் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது. வீடு வருகிறவரை அதன்மேல் என் கால் படாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மீதிப் பணமும் வந்தது. அன்றைக்கே என் டிவி பணத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நான் தொட மாட்டேன் என்றேன். முதலில் பல்லைக் கட்டு, மீதியை அப்புறம் கொடு என்றேன். அரை மணி நேரம் சண்டை போட்டோம். ஜெயித்தது நான் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவள் கையைப் பிடித்துப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனது என் மனைவி.

இந்த வருஷம் மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே மேஜை. ஏழாம் நம்பர் கவுண்டர் அம்மாவுக்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. இருபத்தொன்பது பாடம், போன மாதம் லைசென்ஸ் வாங்கிவிட்டார். அக்கா அவருடைய வரிகளையும் மற்றவர்களுடையதையும் எண்ணி, தானே பெருக்கி, தானே ஏற்றினாள். வாடகை என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று போட்டாள். சொந்தக் காரின் தேய்மானம் என்ற புது வரிசையைக் கண்டுபிடித்து, அதற்கான விதியையும் படித்துவிட்டு நிரப்பினாள். ஒரு விரல் இப்போது இரண்டு விரலாகியிருந்தது. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் வறுத்த கடலையை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது.

பட்டனை அமுக்கினாள். இந்தத் தடவை யார் காலும் மிதிபடவில்லை.

பிறகு நோட்டை இழுத்து, போன வருஷம் எனக்கென்று தொடங்கிய பக்கத்தைத் திறந்தாள். மேலே 'தம்பி' என்று எழுதியிருந்தது. 'முதல் வருஷம். மவுஸைப் பிடுங்கினான். பொய்க் கணக்குச் சொன்னான். பதினொன்று.' அதற்குக் கீழே இன்றைக்கு ஒரு வரி எழுதினாள். 'இரண்டாம் வருஷம். கையை வெச்சுட்டு சும்மா இருந்தான். ஜீரோ.'

"பாஸ்தானே? அப்ப அடுத்த வருஷம் நான் வர வேண்டாமா?" என்றேன். கேட்கும்போதே எனக்கு மனசு கேட்கவில்லை.

அக்கா அடுத்த கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு ஜீரோதானடா வந்திருக்கு. ரெண்டு வந்தாத்தான் தனியா விடுவேன். அடுத்த வருஷமும் வந்து உக்காரு."